பன்றித் தலைக்கு முதல் வணக்கம்

அக்காவைக் கம்பெனியிலிருந்து அனுப்பிவிடுவது என்று நாரே முடிவெடுத்து ஒரு வாரம் ஆகிறது. அதை அக்காவிடம் சொல்லும் தைரியம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாரேவுக்கு முப்பத்து மூன்று வயது. சியோல் நகரத்துக் கைக்குழந்தைகளுக்குக் கஞ்சியும் மசித்த காய்கறியும் சமைத்து, விடிவதற்குள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரும் கம்பெனி அவளுடையது. பெயர், 'அக்காவின் கிண்ணம்'. அந்தக் கிண்ணத்துக்குச் சொந்தக்காரியான அக்கா, மிஹ்வா. தங்கையைவிட எட்டு வயது பெரியவள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் யாரும் அசைக்க முடியாத உத்தியோகத்தில் இருந்தவள். "ஆறே மாசம் என்கூட இரு அக்கா, அப்புறம் போயிடு" என்று தங்கை மூக்கைச் சிந்தியதைப் பார்த்து, அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தாள். மூன்று வருஷம் ஓடிவிட்டது.

மிஹ்வா தேவதை ஒன்றும் இல்லை. பிடிவாதக்காரி. அவள் கரண்டி படாமல் ஒரு பானையும் சமையலறையை விட்டு வெளியே போகக் கூடாது. வேறு யாரும் ருசி பார்த்தால் போதாது. போன மாதம் ஒரு பானை முழுவதையும், மாட்டிறைச்சியில் ஏதோ வாடை வருகிறது என்று கொட்டிவிட்டாள். வேறு ஒருவர் மூக்குக்கும் அந்த வாடை எட்டவில்லை. அன்று பாதி ஊருக்குக் கஞ்சி போகவில்லை.

விட்டுவிட்டுப் போன வாடிக்கையாளர்களிடம் நாரே தானே போன் போட்டுக் காரணம் கேட்டாள். ஒரு தாய் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உங்க கஞ்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கு வராது, நாளைக்கு வரும்னு பசிச்சு அழற குழந்தைக்கு நான் எப்படிப் புரிய வைக்கறது? நீங்க வந்து சொல்றீங்களா?"

அப்படிப் போன் போடச் சொல்லிக் கொடுத்தவர் குவாக். புதுக் கம்பெனிகளில் பணம் போடும் மனிதர். பணம் போடுவதற்கு முன் வருஷக்கணக்கில் புத்தி சொல்வார், சும்மா. நாற்பது வகைக் கஞ்சியைப் பன்னிரண்டாகக் குறை என்றார். குறைத்தாள், விற்பனை ஏறியது. ஆபீசில் அக்கா, தம்பி, ஐயா, அம்மா எதுவும் வேண்டாம், எல்லோருக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் வையுங்கள், நேற்று வந்தவன்கூட உங்களிடம் தப்பைச் சுட்டிக்காட்டத் துணிவான் என்றார். வைத்தாள். நாரே 'ஜூலி' ஆனாள். மிஹ்வா குளியல் சோப்பு உறையைப் பார்த்து 'டெய்சி' என்று ஒரு பெயரை எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷமாகத் தங்கையின் வாயிலிருந்து ஆபீசுக்குள் அக்கா என்ற சொல் வந்ததில்லை.

குவாக் சொன்னது எதுவும் இதுவரை பொய்த்ததில்லை. சிக்கலே அங்கேதான்.

*

இன்று கம்பெனி புதிதாக எடுத்திருக்கும் இடத்துக்குப் படையல். பன்றித் தலையை நடுவில் வைத்து, மரியாதை வரிசைப்படி ஒவ்வொருவராக விழுந்து வணங்குவார்கள். கெட்ட ஆவிகள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அம்மா குறித்துக் கொடுத்திருந்தாள். அதற்கு முன்னால் குவாக், தெருமுனைக் காபிக் கடைக்கு நாரேவைக் கூப்பிட்டிருந்தார். வெளியே பனி கொட்டியது. அவர் ஐஸ் போட்ட காபிதான் குடித்தார்.

"அக்காகிட்ட பேசியாச்சா, மேடம்?"

"இன்னும் இல்ல சார். படையல் முடியட்டும்னு பாத்தேன்..."

"முடிஞ்சா? அடுத்த படையல் வரைக்கும் காத்திருப்பீங்களா?"

நாரே கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"தனியா ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னீங்கன்னா அவங்க அழுவாங்க. நீங்களும் அழுவீங்க. உங்கம்மா ஓடி வருவாங்க. மூணு பேரும் மூக்கச் சிந்திட்டு சாயங்காலம் ஒண்ணா உக்காந்து சூப் குடிப்பீங்க. திங்கக்கிழமை உங்கக்கா மறுபடி கரண்டியோட நிப்பாங்க. எத்தனை கம்பெனி பாத்திருக்கேன்!"

"அப்ப எப்படித்தான் சொல்றது?"

"எதுவும் சொல்ல வேண்டாம். நல்ல நாள்ல, பத்து பேர் முன்னாடி செய்யுங்க. சத்தம் போட முடியாத இடமா இருக்கணும். முதல் வணக்கம் நீங்க. ரெண்டாவது நான். மூணாவது பாங். நிக்கிற எல்லாருக்கும் புரிஞ்சுடும்."

பாங் என்பவர் பெரிய உணவுக் கம்பெனி ஒன்றின் தொழிற்சாலையை நடத்தியவர். குவாக் தேடிப் பிடித்த ஆள்.

"அம்மா விடமாட்டாங்க சார். வீட்ல மூத்தவதான் முதல்லன்னு நிப்பாங்க."

"தெரியும். அதப் பாக்கத்தானே நான் வரேன்." குவாக் சிரித்தார். "நாளைக்கு நான் கையெழுத்துப் போடறது உங்ககூடவா, உங்கம்மாகூடவா? எனக்குத் தெரிய வேணாமா?"

அவர் வாக்கை நம்பித்தான் நாரே இந்தப் பெரிய இடத்தை எடுத்திருந்தாள். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் வசந்தம் வரைக்கும்கூடத் தாங்காது. கம்பெனியும் போகும், அதில் வேலை செய்கிறவர்களும் தெருவுக்கு வருவார்கள். அக்காவும்தான்.

"பேரையாவது மாத்திடலாமா சார்? 'அக்காவின் கிண்ணம்'னு வெச்சுக்கிட்டு..."

"ஐயோ, பேர் நல்ல பேராச்சே!" பதறிப்போனார் மனிதர். "ஜனங்களுக்குப் பிடிச்ச பேர். அது இருக்கட்டும். ஆள்தான் வேண்டாம்."

நாரே தலையாட்டினாள். அந்த இடத்தில் அவள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

*

புது இடத்தின் வாசலில் அம்மாவின் குரல் லிஃப்டைவிட முன்னால் வந்து சேர்ந்தது. இருபது வருஷம் சந்தையில் மீன் விற்ற குரல்.

"சிரிக்கிற தலையாப் பாத்து எடுத்தேன்! சிடுமூஞ்சித் தலை ஒண்ணு இருந்தது, பாதி விலைக்குத் தரேன்னான். நீயே வெச்சுக்கோ, உன் பொண்டாட்டிக்குத் துணையா இருக்கும்னேன்."

வேகவைத்த பன்றித் தலையைத் துணியில் மூட்டை கட்டி, மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் வந்திருந்தாள். "பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. மூட்டையில காது தெரிஞ்சது போல. எந்திரிச்சு ஓடிட்டா. அந்த சீட்டு நம்மாளுக்கு ஆச்சு. காலை நீட்டிக்கிட்டு வந்தோம்."

பேக்கிங் செய்யும் பெண்கள் சிரித்தார்கள். சமையலறைக் கதவைத் திறந்து மிஹ்வா எட்டிப் பார்த்தாள். தலையில் வலைத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ்.

"அதை உள்ள கொண்டு வராதீங்கம்மா. குழந்தைங்க சாப்பாடு இருக்கு. பேக்கிங் ரூம்லயே மேஜை போட்டிருக்கேன்."

"டெய்சி, தட்டு எங்க இருக்கு?" என்றாள் ஒரு பெண்.

"டெய்சியாம் டெய்சி!" என்று அம்மா முணுமுணுத்தாள். "எங்க மாடி வீட்டு நாய்க்கு அந்தப் பேரு. கூப்பிட்டா அதுவாவது வாலாட்டும்."

மிஹ்வா மேஜையை அடுக்கினாள். நடுவில் பன்றித் தலை. பக்கத்தில் சிவப்பு அவரைப் பருப்பு தூவி அவித்த அரிசிக் கேக், அரிசிக் கள், வெள்ளை நூல் சுற்றிய காய்ந்த மீன். படையல் முடிந்ததும் அந்த மீனைத்தான் வாசலுக்கு மேலே கட்டுவார்கள். கம்பெனி நிலைக்க வேண்டும் என்பதற்காக.

நாரே இப்போது சொல்லிவிடலாம் என்று கிட்டே போனாள். மிஹ்வா அவளை ஓரமாக இழுத்தாள். கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துத் திணித்தாள்.

"என்ன இது?"

"சாக்ஸ். புதுசு. எனக்கும் ஒரு ஜோடி எடுத்தேன். ஷூவைக் கழட்டிட்டுத் தரையில விழுந்து கும்பிடறப்ப பின்னாடி நிக்கிறவங்களுக்கு உள்ளங்கால்தானேடி தெரியும்? உன் சாக்ஸ் எப்பவும் குதிகால்ல கிழிஞ்சு தொங்கும். பணம் போடற பெரிய மனுஷன் வேற வராரு."

"டெய்சி, ஒரு விஷயம்..."

"யாரும் இல்லாதப்பகூட டெய்சியா? சரி, அப்புறம் சொல்லு. ரெண்டாவது பானை இறக்கற நேரம். முள்ளங்கி இந்த வாரம் கசக்குது, நான் பாத்துத்தான் வெச்சிருக்கேன். படையல் முடிஞ்சதும் ருசி பாத்துட்டு மூடிடலாம்."

போய்விட்டாள். நாரே கழிப்பறைக்குள் நின்று புதுச் சாக்ஸை மாட்டிக்கொண்டாள். அளவு சரியாக இருந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

*

குவாக் வந்தார். பின்னாலேயே நெடுநெடுவென்று பாங். கஞ்சியின் கெட்டித்தன்மையை அளக்கும் கருவி ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். யாரோ விருந்தாளி என்று எல்லோரும் அவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார்கள். மிஹ்வா அவருக்குச் சூடாகப் பார்லித் தேநீர் கொடுத்தாள்.

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பாய் விரித்தாயிற்று. பன்றி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது.

அம்மா மிஹ்வாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போடி, பெரியவளே. உங்கப்பா இருந்தா அவரு. அவரு இல்ல, அப்ப நீ."

மிஹ்வா கூச்சத்தோடு ஏப்ரனை அவிழ்த்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். வெள்ளைச் சாக்ஸ் அணிந்த ஒரு காலைப் பாய் மேல் வைத்தாள்.

குவாக் நாரேவைப் பார்த்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

"டெய்சி," என்றாள் நாரே. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மிஹ்வாவுக்கு முதலில் விளங்கவில்லை. மெழுகுவர்த்தியை மறைக்கிறோம் போல என்று இடது பக்கம் நகர்ந்தாள்.

"பாயை விட்டு."

காலை எடுத்தாள்.

நாரே பாய் மேல் ஏறினாள். அரிசிக் கள்ளை ஊற்றி வைத்தாள். நெற்றி தரையில் பட மூன்று முறை விழுந்து வணங்கினாள். அக்கா வாங்கிக் கொடுத்த சாக்ஸின் வெள்ளை உள்ளங்கால்களை எல்லோரும் பார்த்தார்கள். காணிக்கைப் பணம் வைத்த உறையைப் பன்றியின் வாயில் செருகிவிட்டு இறங்கினாள்.

பிறகு குவாக் வணங்கினார். தங்கைதான் முதலாளி, பணம் போடுகிறவர் விருந்தாளி, சரிதான் போல என்று அம்மாகூட மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவதாகப் பாங் பாய் மேல் ஏறினார்.

"யாருடி இந்தாளு?" என்றாள் அம்மா. கிசுகிசுப்பதாக அவளுக்கு நினைப்பு.

நாரே திரும்பினாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள், ஒரே ஒரு முகத்தைத் தவிர.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இவரு பாங். திங்கக்கிழமைலேருந்து நம்ம சமையலறைக்கு இவருதான் தலைமை."

"அப்ப இவ?"

அம்மாவின் விரல் மிஹ்வாவைக் காட்டியது. குவாக் கை தட்டினார். பணம் போடுகிறவர் தட்டும்போது சும்மா நிற்க முடியுமா? பேக்கிங் பெண்களும் தட்டினார்கள். ஒருத்தி தட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். ஏப்ரனைத் தோளில் போட்டுக்கொண்டு மிஹ்வாவும் தட்டினாள். கைதட்டலில் கடைசியாக ஓய்ந்தது அவள் கைதான்.

பிறகு கேட்டாள், "நான் வணங்கலாமா, மேடம்?"

பிறந்ததிலிருந்து நாரேவை 'நீ', 'வாடி', 'கழுதை' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தவள், மூக்கைத் துடைத்துவிட்டவள். கன்னத்தில் அறைந்திருந்தால் நாரே தாங்கிக்கொண்டிருப்பாள்.

"வணங்குங்க," என்றாள்.

மிஹ்வா வணங்கினாள். அவசரப்படவில்லை. தன் உறையையும் பன்றியின் காதில் செருகினாள். எழுந்ததும் கத்தியை எடுத்து, வழக்கம்போலத் தலையை அவளே துண்டு போட்டாள். துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக விழுந்தன. அதைத்தான் நாரேவால் பார்க்க முடியவில்லை. கன்னப் பக்கத்துக் கொழுத்த துண்டாக ஒன்றை எடுத்து, உப்பில் ஊறிய இறாலில் தொட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"முதல் துண்டு மேடத்துக்கு. முதல் வணக்கம் போட்டவங்க ஆச்சே."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாரே வாங்கி வாயில் போட்டாள். கொழுப்பு நாக்கு முழுவதும் பரவியது. மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள்.

அம்மா அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வாசலுக்கு மேலே அப்போதுதான் கட்டியிருந்த மீனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

"அம்மா, அதை எதுக்கு..."

"உனக்கு எதுக்குடி இது? இதைவிடக் காஞ்சு போன மனசு உன்கிட்ட இருக்கே. அதைக் கட்டித் தொங்கவிடு. எந்தப் பேயும் கிட்ட வராது."

மீனைத் துணி மூட்டைக்குள் போட்டாள். குவாக்கைப் பார்த்தாள். "நல்லாச் சிரிக்கிறீங்க தம்பி. உங்க தலையும் நல்ல விலைக்குப் போகும்."

போய் லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டாள், பெரிய மகளுக்காக.

*

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் குவாக் சொன்னபடியே எல்லாம் நடந்தது என்று சொல்லிவிடலாம். சத்தம் இல்லை, அழுகை இல்லை. ஆனால் சமையலறையில் இரண்டாவது பானை இருந்தது.

டப்பாக்களை வரிசையாக நிரப்பி வைத்திருந்தார்கள். மூடி போடும் இயந்திரம் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் நின்ற பெண் பொத்தானை அழுத்தவில்லை.

"டெய்சி இன்னும் ருசி பாக்கலையே, ஜூலி."

பாங் கருவியைப் பானைக்குள் விட்டுப் பார்த்தார். "கெட்டி சரியா இருக்கு. மூடலாம்."

யாரும் நகரவில்லை. மூன்று வருஷத்துப் பழக்கம். பன்றித் தலைக்கு முன்னால் கை தட்டியவர்கள்தான் எல்லோரும். ஆனால் அந்தக் கஞ்சி நாளைக் காலை ஏதோ ஒரு குழந்தையின் வாய்க்குள் போகும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரியும்.

கதவோரம் குவாக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பாக்கறேன்," என்று நாரே கரண்டியை எடுத்தாள். அக்காவின் கரண்டி. கைப்பிடியில் கட்டை விரல் வைக்கும் இடம் மட்டும் தேய்ந்து பளபளப்பாக இருந்தது.

ஒரு வாய் எடுத்துச் சுவைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் இன்னும் பன்றிக் கொழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு வாய் எடுத்தாள். கசக்கிறதா? கசப்பது கஞ்சியா, தன் வாயா? இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது ருசி பார்க்கக் கற்றுக்கொண்டோமா என்று அப்போதுதான் உறைத்தது. வாடிக்கையாளரிடம் பேசக் கற்றிருந்தாள், விலை வைக்கக் கற்றிருந்தாள். ருசிக்கு அக்கா இருந்தாளே!

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மிஹ்வா கோட்டை மாட்டிக்கொண்டு, குனிந்து ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

வாய் தவறி வந்துவிட்டது. மூன்று வருஷத்து விதியை, அதை வைத்தவளே பத்துப் பேர் முன்னால் உடைத்தாள். பேக்கிங் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிஹ்வா நிமிர்ந்தாள்.

"இங்க அக்கா யாரும் இல்லையே, மேடம். டெய்சின்னு ஒருத்தி இருந்தா. அவளையும் இப்பத்தான் அனுப்பினீங்க."

"இது சரியா இருக்கா? அதை மட்டும் சொல்லிட்டுப் போயேன். ஒரே ஒரு வாய்." கரண்டியை நீட்டிக்கொண்டு நாரே கதவு வரைக்கும் வந்துவிட்டாள். ஷூ மாட்ட மறந்திருந்தாள்; கஞ்சி சொட்டு சொட்டாக அவள் புதுச் சாக்ஸ் மேல் விழுந்தது. "எனக்காக வேணாம். குழந்தைங்களுக்காக."

மிஹ்வா கரண்டியைத் தொடவில்லை. ஆனால் அவள் மூக்கு விடைத்தது. நின்ற இடத்திலிருந்தே மோந்து பார்ப்பது அவளுக்குக் கைவந்த கலை. ஒரு நொடி அவள் முகத்தில் ஏதோ மாறியது. சிறு வயதிலிருந்து நாரே பார்த்த முகம்தான். ஆனாலும் அது என்ன மாற்றம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மிஹ்வா வாயைத் திறந்தாள். திறந்தவள், நாரேவின் தோளுக்குப் பின்னால் பாங்கையும், அவர் கையிலிருந்த கருவியையும் பார்த்தாள்.

"உங்க கம்பெனி, உங்க நாக்கு," என்றாள். "நான் வரேன், மேடம்."

லிஃப்டுக்குள் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். மூட்டையைத் தான் வாங்கிக்கொண்டாள். கதவு மூடியது.

"மேடம்," குவாக் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார், "வண்டிகள் கீழே நிக்குது. இன்னிக்கும் கொட்டப் போறீங்களா?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாரே கரண்டியைக் கழுவும் தொட்டிக்குள் போட்டாள்.

"மூடுங்க," என்றாள்.

பெண் பொத்தானை அழுத்தினாள். முதல் டப்பா மூடி போட்டுக்கொண்டு வெளியே வந்தது. அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. ஒவ்வொரு மூடியிலும் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தைக்குக் கீழே பெரிய எழுத்தில் 'அக்காவின் கிண்ணம்' என்றும், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'ஒவ்வொரு பானையும் அக்கா ருசி பார்த்தது' என்றும் அச்சிட்டிருந்தது.